தோட்டத்து நாய் ஓர் இனமாவது எப்படி? நாட்டு நாய் வளர்க்கத் தொடங்குவோருக்கு

ஓமலூர், மேச்சேரி, வாழப்பாடி என்று சேலத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும், ஆட்டுப்பட்டி இருக்கிற காட்டில் ஒரு நாய் படுத்திருக்கும். செவலையாக இருக்கலாம், கருப்பாக இருக்கலாம், காது நிமிர்ந்தும் இருக்கலாம், மடிந்தும் இருக்கலாம். அதற்கு இனப்பெயர் கிடையாது. அதே ஊரில் இன்னொரு தோட்டத்தில் “ஒரிஜினல் கோம்பை”, “ஒரிஜினல் ராஜபாளையம்” என்று விலை கொடுத்து வாங்கிய நாய் சங்கிலியில் நிற்கும். இரண்டுமே இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நாட்டு நாய்கள்தான். ஒன்றுக்குப் பெயர் வந்தது எப்படி, மற்றதற்கு வராமல் போனது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், குட்டி வாங்கப் போகும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதும் பாதி விளங்கிவிடும்.

ஒரே மாதிரி உருவமும் குணமும் உள்ள தாயும் தகப்பனும், தலைமுறை தலைமுறையாகத் தங்களைப் போன்ற குட்டிகளையே போட்டால் அதை இனம் என்கிறோம். இது தானாக நடக்காது. எந்தப் பொட்டை எந்தக் கடுவனோடு சேர வேண்டும் என்பதை மனிதர் முடிவு செய்ய வேண்டும். வெளிக் கலப்பைத் தடுக்க வேண்டும். வேலைக்கு ஆகாத குட்டியிடமிருந்து வம்சம் எடுக்காமல் விட வேண்டும். பல தலைமுறைக்கு இதை விடாமல் செய்தால்தான் இனம் நிலைக்கும்.

இதற்கு முந்தைய நிலை ஒன்று உண்டு. ஒரு வட்டாரத்தின் வெயிலுக்கும் தீனிக்கும் வேலைக்கும் ஏற்ப நாய்கள் தாமாகவே ஓரளவு ஒத்துப்போயிருக்கும். நிறமும் காதும் வால் சுருட்டும் மட்டும் நாய்க்கு நாய் மாறும். இதை வட்டார வகை எனலாம். நம் பட்டி நாய் இந்தக் கட்டத்தில் நிற்கிறது. அதனால் அது மட்டமான நாய் என்று பொருளில்லை. அதன் குட்டி எப்படி வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

இதைப் புரிந்துகொள்ள நல்ல எடுத்துக்காட்டு சேலத்திலேயே இருக்கிறது. மேச்சேரி செம்மறியும் சேலம் கருப்பு வெள்ளாடும் இந்த மாவட்டத்தின் பெயர் பெற்ற இனங்கள். மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளி கிடையாது, குட்டை முடிதான், பழுப்பு நிறம், தோலுக்கு நல்ல மதிப்பு. அந்த இனத்துக்காகவே பொட்டனேரியில் 1978-இல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. ஆனால் இனத்தை உருவாக்கியது நிலையம் இல்லை, அதற்கு முன்பே ஆடு வளர்த்தவர்கள். இருபது முப்பது பெட்டைக்கு ஒரு நல்ல கிடாயை நிறுத்திக்கொண்டு, மற்ற கிடாக்குட்டிகளைச் சந்தைக்கு ஓட்டிவிடுவார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் தகப்பனைத் தேர்ந்தெடுத்தார்கள். அதே பட்டியைக் காத்த நாய்க்கு அப்படி யாரும் பார்க்கவில்லை. பொட்டை நாய் சூடு கண்டால் ஊர் நாய்களெல்லாம் வந்து நிற்கும். எது சேர்ந்ததோ அதன் குட்டி. குட்டிகளைக் கேட்பவருக்குச் சும்மா கொடுத்துவிடுவார்கள். ஆட்டைச் சந்தையில் விற்றார்கள், அதனால் வம்சம் பார்த்தார்கள். நாயை யாரும் விற்கவில்லை, வம்சமும் பார்க்கவில்லை. அதே நிலம், அதே மனிதர்கள். ஆட்டுக்கு இனம் உண்டானது, நாய்க்கு உண்டாகவில்லை.

நாய்க்கு என்ன வேலை?

ஆடு மாட்டோடு இருக்கும் நாய் என்றாலே பலருக்கு வீடியோவில் பார்த்த பார்டர் கோலி நினைவுக்கு வரும். அது ஆட்டைச் சுற்றி ஓடி, முறைத்துப் பார்த்தே மந்தையைத் திருப்புகிற நாய். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் உருவானது. 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்த ஓல்டு ஹெம்ப் என்ற ஒரே கடுவன், இன்றைய பார்டர் கோலிகள் பெரும்பாலானவற்றின் மூதாதை. 1906-இல் அந்த நாய்களுக்கென்றே சர்வதேச ஆட்டுநாய்ச் சங்கம் தொடங்கி, வேலையைச் சோதித்து வம்சத்தைப் பதிவு செய்தார்கள்.

நம் ஊரில் அந்த வேலைக்கே தேவை எழவில்லை. மேய்க்கிறவர் முன்னால் நடந்து குரல் கொடுத்தால் ஆடு பின்னால் வரும். கோலும் குரலும் போதும். இங்கே நாய்க்கு இருந்த வேலை காவல். இரவில் பட்டிக்குப் பக்கத்தில் படுத்து, நரி வந்தாலும் கள்ளன் வந்தாலும் முதலில் குரைத்து, தேவைப்பட்டால் பாய்வது. இந்த வேலைக்கு மிகப் பழைய சான்று ஒன்று நமக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் கிடைத்திருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் உள்ள 7-ஆம் நூற்றாண்டு நடுகல், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அவனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரையும், கள்ளரைக் கடித்து அது காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன் ஒரு பட்டி நாய்க்குக் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தியில்லை. அது என்ன இனம் என்று அந்தக் கல் சொல்லவில்லை. என்ன வேலை செய்தது என்று சொல்கிறது.

காவலை விட்டால் இன்னொரு வேலை வேட்டை. இனப்பெயர் பெற்ற நம் நாய்கள் பெரும்பாலும் அந்த வழியில் வந்தவை.

பெயர் பெற்ற நாய்கள் வந்த வழி

தெற்கே பாளையக்காரர்களும் ஜமீன்தார்களும் நாய் வளர்ப்பதைக் கௌரவமாக நினைத்தார்கள். வேட்டைக்கும் அரண்மனைக் காவலுக்கும் நாய் வைத்தார்கள். ஆள் போட்டுப் பராமரித்து, எதோடு எது சேர வேண்டும் என்று கட்டுப்படுத்தவும் அவர்களால் முடிந்தது. தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கிற கோம்பை, அந்த ஊர்ப் பெயரையே நாய்க்கும் கொடுத்தது. செந்நிறம் அல்லது பழுப்பு, முகத்தில் கரிபூசியது போன்ற கருப்பு, இறுகிய உடம்பு, பலமான தாடை. காட்டுப்பன்றியை எதிர்த்து நிற்கிற நாய். விருதுநகர் மாவட்டத்தின் ராஜபாளையம் நாய் உயரமான வெள்ளை நாய், மூக்கு இளஞ்சிவப்பு. சிப்பிப்பாறையும் அதே கரிசல் பூமியைச் சேர்ந்தது. ஒல்லியான உடம்பு, நீண்ட கால், ஆழமான நெஞ்சு. முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்திப் பிடிக்க உருவான வேகநாய். கன்னி அதன் நெருங்கிய சொந்தம். கருப்பு உடம்பில் கால்களிலும் முகத்திலும் பழுப்பு.

அந்த ஆதரவு இரண்டு கட்டமாகக் கழன்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன் முறை முடிந்தது; நாய்க்கென ஆள் வைத்திருந்த வீடுகள் சுருங்கின. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டை குற்றமானது. காட்டு விலங்குகளுக்கு அது தேவையான சட்டம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சிப்பிப்பாறைக்கும் கன்னிக்கும் அதுவரை இருந்த பரீட்சை அன்றோடு நின்றுபோனது. ஓடத் தெரியாத நாயும் ஓடத் தெரிந்த நாயும் ஒரே விலைக்குப் போகத் தொடங்கின.

அந்த இடத்துக்கு வந்தது கண்காட்சி. இதன் பிறப்பிடம் இங்கிலாந்து: 1859-இல் நியூகாசிலில் நாய்க் கண்காட்சி நடந்தது, 1873-இல் லண்டனில் நாய் வம்சங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் என்ற சங்கம் தொடங்கியது. உயரம் இவ்வளவு, நிறம் இது, காது இப்படி என்று எழுதி வைத்து, அந்தப் பதிவேட்டில் இருக்கும் நாய்க்குப் பிறந்ததே இன நாய் என்ற வழக்கம் அங்கிருந்துதான் உலகெங்கும் பரவியது. இதில் ஒரு நன்மை உண்டு: வம்சம் காகிதத்தில் இருக்கும். ஒரு பெரிய குறையும் உண்டு: நடுவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வைத்து வம்சம் நடக்கும். இரவு இரண்டு மணிக்குக் குரைக்கிற புத்தியை எந்த மேடையிலும் அளக்க முடியாது.

அரசு பக்கத்திலும் சில வேலைகள் நடந்திருக்கின்றன. 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வள நிறுவனம் நாய்களைப் பதிவு செய்யத் தொடங்கியபோது முதல் மூன்று இடங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்தின் முதோல் வேட்டைநாய் ஆகியவற்றுக்குக் கிடைத்தன. அந்த மூன்றில் கோம்பை இல்லை. பண்ணைக் காவலுக்கு இவற்றில் மிகவும் பொருந்துவது கோம்பைதான் என்பது எங்கள் கருத்து. அதனால் அந்த விடுபடல் உறுத்துகிறது.

சேலம் காட்டுக்கு எது?

முதலில் உங்கள் இடத்தில் ஆபத்து எதிலிருந்து என்று பாருங்கள். வாழப்பாடி, ஆத்தூர் பக்கத்துக் கரடுகளில் உலவும் வங்காநரி சின்ன விலங்கு. எலி, நண்டு, பூச்சி தின்று வாழ்வது. அதற்காக நாய் தேவையில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குவது அதைவிடப் பெரிய குள்ளநரியும், கூட்டமாக வரும் தெருநாய்களும். இவற்றுக்கும் ஆட்டுத் திருட்டுக்கும் உயரமான நாய் அவசியமில்லை. சத்தம் கேட்டதும் எழுந்து விடாமல் குரைக்கிற நாய் வேண்டும். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் இன்னும் நல்லது. நல்ல பட்டி நாய்க்குப் பிறந்த குட்டியே இதற்குப் போதும்.

மரவள்ளிக் காட்டிலோ கடலைக் காட்டிலோ பன்றி இறங்குகிறது என்றால் கோம்பை பொருந்தும். அதுவும் விரட்டத்தான்; பிடிக்க விட்டால் சட்டப்படி குற்றம், நாயின் வயிறும் கிழியும்.

வீட்டோடு இருக்கும் தோட்டம், வேலியும் கேட்டும் உண்டு, வெளியாள் நுழையக் கூடாது என்றால் ராஜபாளையம். அது ஒருவரிடம் ஒட்டிக்கொள்ளும் நாய். வேலையாட்கள் தினம் மாறுகிற தோட்டத்தில் வைத்தால் யாரையாவது கடிக்கும், பிறகு நாள் முழுவதும் சங்கிலியில் கிடந்து இன்னும் மூர்க்கமாகும்.

சிப்பிப்பாறையும் கன்னியும் பார்க்க அழகு, பழக நல்லவை. ஆனால் ஓடுவதைக் கண்டால் துரத்துவது அவற்றின் ரத்தத்தில் இருக்கிறது. துள்ளி ஓடுகிற ஆட்டுக்குட்டியும் கோழியும் அவற்றின் கண்ணுக்கு முயல்தான். பட்டிக்கு இவற்றை வாங்கிவிட்டு நாயைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களில் கணக்கு வேறு. அங்கே காட்டெருமை இறங்கும். அதைப் பார்த்துக் குரைத்த நாய், பயந்தால் நேராக உங்களிடம்தான் ஓடிவரும். பின்னாலேயே எருமையும் வரும். அதனால் காபிச் செடிகளுக்கிடையே நடக்கும்போது நாயைக் கயிறில் வைத்திருங்கள். மழைக்கும் பனிக்கும் குட்டை முடி நாய்கள் நடுங்கும். தரையிலிருந்து அரை அடி உயர்த்திய பலகை, மூன்று பக்கம் அடைப்பு, மேலே கூரை வேண்டும். மேட்டூர், கொளத்தூர் போல வனத்தை ஒட்டிய பகுதியில் சிறுத்தை நடமாட்டம் என்று பேச்சு வந்தால், இரவில் நாயைக் கட்டி வைக்கவே கூடாது. கட்டிய நாய் அதற்கு எளிய இரை. கம்பிக் கூண்டுக்குள் அடைத்துவிடுங்கள். அங்கிருந்து குரைத்தாலே போதும். (இமயமலை மேய்ப்பர்கள் இதற்காகத் தங்கள் நாய்களுக்கு இரும்பு முள் பதித்த கழுத்துப்பட்டை போடுவார்கள்.)

குட்டி வாங்கும்போது

காகிதத்தைக் கேட்பதற்கு முன் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். முடிந்தால் மாலையில் முன்னறிவிப்பின்றிப் போங்கள்: நீங்கள் வேலியருகில் வரும்போதே தாய் குரைக்கிறதா, சொந்தக்காரர் சொன்னதும் அடங்குகிறதா, ஆட்டுக்குட்டி அருகில் போனால் என்ன செய்கிறது? தாய் எப்படியோ குட்டியும் பெரும்பாலும் அப்படியே.

எட்டு வாரத்துக்கு முன் குட்டியைப் பிரிக்கக் கூடாது. 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க விதிகளும் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கத் தடை செய்கின்றன. தாயிடமும் கூடப்பிறந்தவற்றிடமும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்கிறது. முப்பதாவது நாளில் தூக்கி வந்த குட்டி பின்னாளில் கை தெரியாமல் கடிப்பதற்கு இதுவும் காரணம்.

ராஜபாளையம் வாங்குபவர் கட்டாயம் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். முழு வெள்ளை நாய்களில் பிறவிச் செவிடு வருவதற்குக் காரணம் உண்டு. தோலுக்கு நிறம் தரும் அதே அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டும். அவை இல்லாவிட்டால் கேட்கும் நரம்பு முனைகள் பிறந்த சில வாரங்களில் செத்துவிடும். சோதிக்கும் முறை எளிது. குட்டி தனியாகத் தூங்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கூடப்பிறந்தவை அருகில் இருந்தால் அவை எழுவதைப் பார்த்து இதுவும் எழும். தரையைத் தட்டினால் அதிர்வில் எழும். கை தட்டினால் காற்றுப் படலாம். இவை மூன்றையும் தவிர்த்தால்தான் சோதனை செல்லும். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே தாயும் தகப்பனும் செவிடில்லை என்பதையும் விசாரியுங்கள்.

“சுத்த ரத்தம்” என்று பெருமை பேசுவோரிடம், தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன உறவு என்று கேளுங்கள். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தாலோ, தகப்பனையும் மகளையும் சேர்த்தாலோ குட்டியின் உட்கலப்பு அளவு (நெருங்கிய சொந்தத்துக்குள் சேர்ந்ததைக் காட்டும் கணக்கு) 25 சதவீதம். அரை உடன்பிறப்பு என்றால் 12.5, பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் போன்ற உறவென்றால் 6.25. இந்த எண் ஏற ஏற ஈற்றில் குட்டி எண்ணிக்கை குறையும், நோய் தாங்காது, மறைந்திருந்த குறைகள் வெளியே வரும். நாய்கள் குறைவாக உள்ள இனத்தில் இது மிக வேகமாக நடக்கும். வெளியூரிலிருந்து நல்ல கடுவனைக் கொண்டுவந்து சேர்ப்பதால் இனம் கெடாது.

ஆட்டோடு பழக்குவது

குட்டிக்கு மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை யாரோடு இருக்கிறதோ அவர்களைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும். அதனால் எட்டு வாரத்தில் வந்த குட்டியை வீட்டுத் திண்ணையில் வைக்காமல் நேராகப் பட்டியில் வையுங்கள். பட்டிக்குள் ஒரு மூலையில் ஆறடிக்கு ஆறடி படல் கட்டி, ஆடு மூக்கை நீட்டி மோந்து பார்க்கும்படி இரண்டு வாரம் விடுங்கள். பிறகு சாதுவான நான்கைந்து கிழப்பெட்டைகளோடு பகலில் மட்டும். முட்டுகிற கிடாயோடும், அன்றுதான் ஈன்ற தாயோடும் சேர்க்காதீர்கள்; ஒருமுறை பலமாக முட்டு வாங்கிய குட்டி பட்டிக்குள் போகவே தயங்கும்.

தீனியைப் பட்டியிலேயே வையுங்கள். மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளை, ஆறு மாதம் வரை மூன்று, அப்புறம் இரண்டு. கேழ்வரகுக் களியும் சோறும் வயிற்றை நிரப்பும், ஆனால் அவை மட்டும் போதாது. வேகவைத்த முட்டை, கருவாடு, கோழிக் கழிவை நன்றாக வேகவைத்தது என ஏதாவது தினமும் வேண்டும். வெந்த எலும்பு உடைந்து குடலைக் குத்தும், போடாதீர்கள்.

நான்காவது மாதம் முதல் பத்தாவது மாதம் வரைதான் பெரும்பாலோர் தவறவிடும் காலம். குட்டி விளையாட்டாக ஆட்டுக்குட்டியின் காதை இழுக்கும், வாலைக் கவ்வும், துரத்தும். “சின்னதுதானே” என்று சிரித்துவிட்டால் ஒரு நாள் ஆட்டுக்குட்டி செத்துக் கிடக்கும். முதல் தடவையே அதட்டிப் பிரித்து, பத்தடிக் கயிறில் கட்டிப் பெரிய ஆடுகளோடு மட்டும் விடுங்கள். அடித்து நொறுக்க வேண்டாம். அடி வாங்கிய நாய் நீங்கள் இல்லாத நேரத்தில் துரத்தப் பழகும். ஒன்றரை வயது தாண்டினால் தனியாக நம்பி விடலாம், சில நாய்க்கு இரண்டு வயதும் ஆகும்.

தடுப்பூசியில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசி, மூன்று நான்கு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை மறுபடி. மூன்றாம் மாதம் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் ஊக்கத் தவணையும் ஆண்டுக்கு ஒருமுறையும்.

குடற்புழு நீக்கம் ஆட்டுக்காகவும் செய்ய வேண்டியது. ஆடு தலையைச் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றி, கடைசியில் விழுந்து சாவதைப் பார்த்திருப்பீர்கள். அது பல நேரங்களில் நாயின் வயிற்றில் வாழும் நாடாப்புழுவால் வருவது. நாயின் மலத்திலிருந்து முட்டை புல்லில் ஒட்டி ஆட்டுக்குப் போய், மூளையில் நீர்க்கட்டியாக வளர்கிறது. அந்த ஆட்டின் தலையை நாய்க்கு வெட்டிப் போட்டால் வட்டம் மறுபடி தொடங்கும். ஆகவே செத்த ஆட்டின் தலை, ஈரல், நுரையீரலை நாய்க்குப் பச்சையாகப் போடாமல் ஆழமாகப் புதையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நாடாப்புழுவைக் கொல்லும் பிராசிகுவாண்டெல் மருந்து கலந்த மாத்திரையை நாயின் எடையைச் சொல்லி மருத்துவரிடம் வாங்கிக் கொடுங்கள். மாட்டுக்கு வாங்கிய உண்ணி ஊசியை அளவு தெரியாமல் நாய்க்குப் போடுவது பல இடங்களில் நடக்கிறது. நாயின் எடைக்கு அது பல மடங்கு அதிகமாகி நரம்பைத் தாக்கும்.

வம்சம் எடுக்க நினைத்தால்

நல்ல பட்டி நாய் ஒன்று அமைந்துவிட்டால் அதன் வம்சத்தை ஊர் நாய்களிடம் விட்டுவிடாதீர்கள். பொட்டை ஆறேழு மாதத்துக்கு ஒருமுறை சூடு காணும். இரண்டு மூன்று வாரம் அடைத்து வைக்க வேண்டும். ஒன்றரை வயதுக்கு முன் சேர்க்காதீர்கள், அடுத்தடுத்த சூட்டில் சேர்க்காதீர்கள். சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ 63-ஆம் நாள் ஈனும். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, தாய், தகப்பன், ஈன்ற தேதி, குட்டிகள் எத்தனை, யாருக்குப் போயின, ஒன்றரை வயதில் எது பட்டியில் நின்றது, எது ஓடிப்போனது, எது ஆட்டுக்குட்டியைக் கடித்தது என்று எழுதுங்கள். வாங்கிப்போனவரிடம் ஆண்டுக்கு ஒருமுறை போன் செய்து கேட்டால் போதும். அடுத்த ஈற்றுக்கு எந்தக் கடுவன் என்பதை அந்த நோட்டைப் பார்த்து முடிவு செய்யுங்கள். வேலைக்கு ஆகாததைக் குடும்பக் கட்டுப்பாடு செய்து வீட்டு நாயாகக் கொடுத்துவிடலாம்.

பழைய நாய்க்கு ஐந்து வயதாகும்போதே அடுத்த குட்டியைப் பட்டிக்குள் விட்டுவிடுங்கள். எந்தச் சத்தத்துக்கு எழ வேண்டும், எதற்குப் படுத்தே இருக்கலாம் என்பதைப் பெரிய நாய் கற்றுக்கொடுக்கிற வேகத்தில் மனிதரால் கற்றுக்கொடுக்க முடியாது.